பட்டுக்குள் பூட்ஸ் கால்

போன மாதம் பென்ஷன் காரியமாக ஒரு கையெழுத்து வாங்க, நான் வேலை பார்த்த பழைய நூலகத்துக்குப் போயிருந்தேன். மைசூரில் இருக்கிற பெரிய நூலகங்களில் அதுவும் ஒன்று. கிழிந்த காகிதங்களைச் சரி செய்கிற பகுதியில்தான் என் காலம் முழுவதும் போயிற்று. இப்போது அங்கே ஒரு மெஷின் வந்திருக்கிறது. பழைய பக்கத்தை அதன் மேல் வைத்தால் வெளிச்சம் ஓடுகிறது, படம் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறது. நல்ல மெஷின். பக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் புரட்டுகிற வேலை குறையும்.

அதன் முன்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த சந்தியா என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். பிறகு திரையில் இரண்டு படங்களைப் அருகருகே வைத்தாள்.

"அங்கிள், இது நீங்க பண்ண வேலைன்னு போட்டிருக்கு. இந்தப் படத்துல பூட்ஸ் போட்ட கம்பெனிக்காரன் நிக்கிறான். அந்தப் படத்துல அதே ஆளு பட்டு கட்டி, கிரீடம் வெச்சு, சாமியா நிக்கிறான். எது முதல்ல?"

"சாமி முதல்ல" என்றேன்.

"அப்போ சாமிய நீங்க கம்பெனிக்காரன் ஆக்கிட்டீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். "அது பெரிய கதை" என்றேன். "அப்படின்னா எழுதிக் குடுங்க, எங்களுக்கும் அர்த்தமாகட்டும்" என்றாள். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்து மலருக்கும் ஏதாவது எழுதும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாதரை நினைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். அப்பா கடலைக்காய் போட்டவர். மழை பொய்த்த ஒரு வருடத்தில் மைசூருக்கு வந்து, அந்த நூலகத்தில் பத்திரிகைக் கட்டுகளைத் தூக்கி வைக்கிற தினக்கூலி வேலையில் சேர்ந்தேன். ஒரு நாள் கட்டு ஒன்றை இறக்கும்போது, உதிர்ந்த ஒரு தாள் என் காலில் பட்டுவிட்டது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நம் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். அதை வேதவல்லி மேடம் பார்த்திருக்கிறார். அவர்தான் காகிதம் சரி செய்கிற பகுதிக்குத் தலைவர். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "காகிதத்தைக் கண்ணுல ஒத்திக்கறவர் பசை வேலைக்கு வரட்டும்" என்று அங்கே மாற்றிவிட்டார்.

மேடம் மேல்கோட்டைக்காரர். வீட்டில் பேசும் தமிழைத்தான் என்னோடு பேசுவார். அது எங்கள் ஹனூர்த் தமிழ் இல்லை, ஆனாலும் காதுக்குப் பழகிவிட்டது. காலையில் வந்ததும் பையை ஸ்டூலில் வைப்பார். கையைக் கழுவுவார். ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் மேஜையைப் பார்ப்பார். மேஜை சுத்தமாக இருந்தால்தான் "சௌக்கியமா?" என்ற விசாரிப்பு வரும். கோபம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. நாம் என்ன செய்துகொண்டிருந்தாலும் பின்னால் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, ஒரே கேள்வி கேட்பார்.

"இதைத் திரும்ப எடுக்க முடியுமோ?"

அதாவது, இன்று நீ ஒட்டுகிறதை நாளைக்கு ஒருவர் வந்து, தாளுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியுமா என்று. முடியும் என்றால் செய்யலாம். முடியாது என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் செய்யக்கூடாது. செல்லோ டேப்பைக் கண்டால் மட்டும் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். எனக்கு முதலில் பிரிக்கத்தான் கற்றுக்கொடுத்தார். பழைய காலண்டர் தாள்களை மைதாப் பசையால் ஒட்டச் சொல்வார். காய்ந்ததும் ஈரமான ஒற்றுத்தாள் வைத்து, ஊறவிட்டு, மூங்கில் சீவலால் பிரிக்கச் சொல்வார். மறுபடி ஒட்டு, மறுபடி பிரி. ஒரு மழைக்காலம் முழுவதும் இதேதான். என் மனைவி கேட்பாள், "இன்னிக்காவது எதையாவது ஒட்டின மாதிரியே உட்டாங்களா?" என்று.

இப்படியே வருடங்கள் போயின. தாளின் எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் முதுகு என்று விரல் சொல்லிவிடும் அளவுக்கு வந்தேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு கண்காட்சி வைப்பதாக முடிவாயிற்று. நூறு வருடத்துக்கு முந்தைய பத்திரிகைகளில் பெரிய கம்பெனிகளைக் கிண்டல் செய்து போட்ட கார்ட்டூன்களை எல்லாம் எடுத்துச் சுவரில் மாட்டுவது என்று. நாடு வெள்ளைக்காரன் கையில் இருந்த காலம். மைசூரில் மகாராஜா இருந்தார். ஆனால் மண்ணெண்ணெய், கப்பல், ரயில், தீப்பெட்டி எல்லாம் கம்பெனிக்காரர்கள் கையில்.

அந்தப் படங்கள் எங்கள் மேஜைக்கு வந்தன. முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு படத்தில் எட்டுக் கை உள்ள ஒன்று எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் கடையைப் பிடித்திருந்தது, ஒரு கையில் மாட்டு வண்டியை, இன்னொரு கையில் ஒரு அதிகாரியின் கழுத்தை.

"மேடம், எட்டுக் கை இருக்கு. இது எந்த அம்மன்?" என்று கேட்டுவிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அம்மன் இல்லை. அது கடல்ல இருக்கற ஒரு பிராணி. கம்பெனியைத்தான் அப்படிப் போட்டிருக்கான். ஒரு ஊருக்கு ஒரே கடை, ஒரே டின், அவன் சொன்னதே விலை. வேற யாரும் விக்க முடியாது. ஏகபோகம்னு சொல்லுவா."

அப்படிச் சொன்னதும் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் கடலைக்காய் வாங்க ஒரே ஒரு மண்டிதான் இருந்தது. அப்பா மூட்டையை இறக்கிவிட்டு அந்த மண்டிக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கு எட்டுக் கை இல்லை, இரண்டு கைதான். ஆனாலும் அதுதான் அது. அன்றிலிருந்து அந்தப் படங்களை நான் வேறு கண்ணால் பார்த்தேன். வரைந்தவர்கள் பெயர் பாதிப் படங்களில் இல்லை. பயந்துகொண்டே வரைந்தவர்கள் கோட்டில் மட்டும் பயம் இல்லை.

அந்தத் தொகுதியில் ஒரே ஒரு படம் கிடைக்கவில்லை. உள்ளூர்க் கன்னடப் பத்திரிகை ஒன்றில் வந்தது. வாமன அவதாரத்தை வைத்து ஒரு மண்ணெண்ணெய்க் கம்பெனியைக் கிண்டல் செய்த படம் என்று மட்டும் தெரியும். ஏனென்றால் அடுத்த இதழில், "எங்கள் வாமனரைப் பார்த்து ஊரே சிரித்தது, கம்பெனி ஏஜெண்டு ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தொகுப்பில் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. மேடம் பெங்களூர், தார்வாடு என்று எல்லா இடத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டார். எங்கேயும் இல்லை.

வெளியார் தங்கள் வீட்டு ஓலைச்சுவடி, பழைய படம் எதையாவது கொண்டுவந்தால் நாங்கள் சரி செய்து கொடுப்போம். மேடம் கொண்டுவந்த வழக்கம் அது. அப்படித்தான் ஒரு நாள், தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டம்மா வந்தார். அறுபதை ஒட்டிய வயது. எண்ணெய்க் கடை வைத்திருக்கிறவர். வீட்டுக்காரர் காலமான பிறகு கடையைத் தானே நடத்துகிறார். பழைய புடவையில் சுற்றிய ஒரு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"பஸ்ல மடியிலயே வெச்சிருந்தேன் தம்பி. கண்டக்டர் கேக்கறான், இவருக்கு அரை டிக்கெட் போடவா அஜ்ஜின்னு. பெருமாளுக்கு முழு டிக்கெட்டே போடுப்பா, மூணு உலகத்துக்கும் போயிட்டு வர்றவருன்னேன்."

புடவையைப் பிரித்தார். பழைய மரச் சட்டம். கண்ணாடியில் விரிசல். பின்பலகையைக் கரையான் பாதி தின்றிருந்தது. உள்ளே உலகளந்த பெருமாள். ஒரு கால் மண்ணில், ஒரு கால் வானத்தில் நிலாவைத் தொட்டுக்கொண்டு. இடுப்பிலிருந்து இரண்டு பாதமும் மூடும்படி நிஜமான சிவப்புப் பட்டைக் கத்தரித்து ஒட்டியிருந்தது. ஜிகினாக் கிரீடம். கழுத்தில் சின்னச் சின்ன மணிகள். கையில் அட்டையில் வெட்டி ஒட்டிய சங்கு, சக்கரம். முன்காலத்தில் வீட்டுப் பெண்கள் சாமி படத்துக்கு இப்படி உடுத்தி அலங்காரம் செய்து மாட்டுவார்கள். நான் பல பார்த்திருக்கிறேன். கண்ணாடி மேல் சந்தனமும் குங்குமமும் மேடு தட்டிப் போயிருந்தன. நான் கை கூப்பினேன்.

"பலிபாட்யமிக்குள்ள குடுத்துடணும்" என்றார் பட்டம்மா. "மத்த நாள்ல எல்லாம் கடைக்குப் போற அவசரத்துல நின்னுகிட்டே ஒரு கும்பிடு. அன்னிக்கு மட்டும் இவருக்கு உட்கார்ந்து பூஜை. அன்னிக்கு இவர் வீட்ல இல்லன்னா எனக்குக் கை ஓடாது."

பலிபாட்யமி தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பழக்கம் இருக்காது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாள். பெருமாள் காலால் அழுத்திப் பாதாளத்துக்கு அனுப்பிய பலிச் சக்கரவர்த்தி, தன் ஜனங்களைப் பார்க்க அன்று மேலே வருகிறார் என்று இங்கே நம்பிக்கை. வாசலில் சாணத்தில் அவரைப் பிடித்து வைத்து, பூ வைத்து, விளக்கேற்றி வரவேற்பார்கள்.

பட்டம்மா போகும்போது ஒன்று சொன்னார். "கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து பாக்கறேன், ஒரு கண்ணு மட்டும் பெருசா இருக்கு. மாமியாரைக் கேட்டா, அது கடாட்சம், பேசாம கும்பிடுன்னுவாங்க. அதையும் கொஞ்சம் பாருங்க."

மறுநாள் சட்டத்தைப் பிரித்தேன். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கரையான் மண்ணைத் தூரிகையால் தட்டி, தாளை வெளியே எடுத்தேன். சட்டத்துக்குப் பொருந்துவதற்காகத் தாளின் அடிப்பாகத்தை நாலு விரல் அகலத்துக்குப் பின்னால் மடித்திருந்தார்கள். மடிப்பை உடனே விரிக்கவில்லை. பழைய மடிப்பு, விரித்தால் முறியும். பட்டு எதனால் ஒட்டியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பெருமாளின் கணுக்கால் பக்கம் பட்டு கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. புளியங்கொட்டைப் பசை. மூங்கில் சீவலை நுழைத்து மெல்லத் தூக்கினேன்.

உள்ளே பூட்ஸ் நாடா தெரிந்தது.

முடிச்சுப் போட்ட நாடா. அதற்கு மேலே கால்சட்டையின் மடிப்பு. நான் சீவலை வெளியே எடுத்துவிட்டு, பட்டை இருந்தபடியே அமர்த்திவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தேன். நாடாதான்.

மேடத்தைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஜிகினாவின் ஓரத்தில் தொப்பியின் விளிம்பு. சங்கு ஒட்டிய இடத்தில் ஒரு டின்னின் மூலை. பெரிதாகத் தெரிந்த கண்ணில், வெள்ளைக்கார துரைமார் போட்டுக்கொள்கிற ஒற்றைக் கண்ணாடி. மேடம் அப்படியே ஸ்டூலில், தன் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"வாமனர் கிடைச்சுட்டார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதைத் திரும்ப எடுக்க முடியுமோ?" என்று கேட்டார். வழக்கமான கேள்விதான். ஆனால் இந்தத் தடவை கேட்டது வேறு. அந்தப் பட்டை எடுக்க முடியுமா என்று.

"முடியும் மேடம். ஆனா நான் எடுக்க மாட்டேன்."

அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். "அது கம்பெனியா இருக்கலாம். எத்தனையோ தலைமுறை கும்பிட்டிருக்காங்க. விளக்கு வெச்சிருக்காங்க. கும்பிட்ட கை பட்டுப் பட்டு அது சாமி ஆயிடுச்சு. சாமி உடுத்தின பட்டை உருவ எனக்கு என்ன யோக்கியதை? நாளைக்கு அந்த அம்மா எதைக் கும்பிடுவாங்க?"

மேடம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் உங்க பெருமாளும் இல்லை, என் கார்ட்டூனும் இல்லை" என்றார். "பட்டம்மாவோடது. அவகிட்டன்னா கேக்கணும்? மறைச்சுத் திருப்பிக் கொடுத்தா, அது நாம ஒட்டற செல்லோ டேப். பிற்பாடு பிரிக்க முடியாது."

அந்தச் சனிக்கிழமை நான் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு பட்டம்மாவின் கடைக்குப் போனேன். சொல்லாமலே திரும்பிவிடலாமா என்று கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த அம்மா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது கண்ணிலேயே இருந்தது. கடையில் நல்லெண்ணெய் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் போனதும் சொன்னேன்.

"பூட்ஸா?" என்றார். "பெருமாளுக்கா?"

"பெருமாள் இல்லக்கா. மண்ணெண்ணெய்க் கம்பெனி. அந்தக் காலத்துப் பத்திரிகையில கேலியா போட்டது. உங்க வீட்ல யாரோ மேல பட்டு கட்டியிருக்காங்க."

"சும்மனே ஏதாவது சொல்லாதீங்க தம்பி."

"ரங்கநாதரைச் சேவிச்சுட்டு நேரா வர்றேன். பொய் சொல்வேனா?"

அவர் புனலை எடுத்து டின் மேல் கவிழ்த்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "இத்தனை நாள் நான் யார்கிட்ட கேட்டுகிட்டு இருந்தேன்?" என்றார். "வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்தப்ப அவர் முன்னாலதானே விழுந்தேன்."

பிறகு அவரே கேட்டார், "பட்டை எடுத்தா திரும்பக் கட்ட முடியுமா?"

"முடியும். எடுத்த மாதிரியே திரும்ப வைக்கலாம். படம் பிடிச்சுகிட்டு உடனே வெச்சுடுவோம். இல்ல, எடுக்கவே வேணாம்னா அப்படியே சரி பண்ணித் தர்றேன். நீங்க சொல்றதுதான்."

"எடுங்க. நான் பக்கத்துல இருக்கேன். கோயில்ல திருமஞ்சனத்துக்கு முன்னால திரை போடுவாங்கல்ல, அந்த மாதிரி ஒரு துணி கட்டுங்க. கண்டவங்க எட்டிப் பாக்கக்கூடாது. சாமியோ கம்பெனியோ, துணி மாத்தறப்ப மரியாதை வேணும்."

சொன்னபடியே என் மேஜையைச் சுற்றி மேடத்தின் பழைய மைசூர் பட்டுப் புடவை ஒன்றைக் கட்டினோம். அன்று காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. யாரும் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. பட்டம்மா பூப் போட்ட ஒரு தட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வேலை சுலபமில்லை. புளியங்கொட்டைப் பசை தண்ணீர் பட்டால் இளகும். ஆனால் அந்தச் சிவப்புப் பட்டு சாயம் விடுகிற பட்டு. ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து ஒற்றுத்தாளால் ஒற்றிப் பார்த்தேன். தாளில் குங்குமம் மாதிரி இறங்கியது. தாராளமாக ஈரம் காட்டினால் படம் முழுவதும் சிவந்துவிடும். அச்சு மையைப் பற்றிப் பயமில்லை, அது எண்ணெய் மை. பயம் பட்டைப் பற்றித்தான். ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து, ஒற்றுத்தாளை நகம் அளவுக்கு வெட்டி, அதில் நனைத்துப் பிழிந்து, பட்டின் மேல் ஓர் இடத்தில் வைப்பேன். மேலே கண்ணாடித் துண்டு. இளகியதும் சீவலை விட்டு அந்த இடத்தை மட்டும் தூக்கி, அடியில் உலர்ந்த தாளைச் செருகுவேன். பிறகு அடுத்த இடம். மேடம் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மனதுக்குள் நான் கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கம்பெனிக்காகச் சொன்னேனா, பெருமாளுக்காகச் சொன்னேனா என்று கேட்டால் தெரியாது.

சாயங்காலத்துக்குள் பட்டு ஒரே துண்டாக வந்துவிட்டது. சங்கு, சக்கரம், கிரீடம், மணிகள் எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒரு தட்டில் எடுத்து வைத்தேன். பிறகு தாளைத் தண்ணீர்த் தட்டில் மிதக்கவிட்டேன். எத்தனையோ வருடத்து விளக்குப் புகை பழுப்பாகக் கரைந்து இறங்கியது. ஈரத்தில் பதமான பிறகு அடி மடிப்பை விரித்தேன். முறியாமல் விரிந்தது.

கொழுத்த கன்னம், கிருதா, உயரத் தொப்பி, அதில் கன்னடத்தில் கம்பெனி என்ற எழுத்து. சங்கு இருந்த கையில் மண்ணெண்ணெய் டின். சக்கரம் இருந்த கையில் ரயில் வண்டிச் சக்கரம். ஒரு பூட்ஸ் கால் நிலாவை உதைத்துக்கொண்டிருந்தது. இன்னொரு பூட்ஸ் காலின் அடியில், இவ்வளவு காலம் மடிப்புக்குள் இருந்த இடத்தில், ஒரு மனிதன் மண்டியிட்டிருந்தான். கோவணம், ஒட்டிய வயிறு. பக்கத்தில் மரச் செக்கு, நுகத்தடி கழன்ற மாடு, கவிழ்ந்த எண்ணெய்ச் சட்டி. பூட்ஸ் அவன் உச்சந்தலையில் இருந்தது.

மேடம் அடியில் இருந்த வரியைப் படித்துத் தமிழில் சொன்னார். "வானமும் ஆயிற்று, பூமியும் ஆயிற்று, மூன்றாவது அடியை எங்கே வைக்கட்டும்?"

பட்டம்மா எழுந்து வந்து பார்த்தார். மேலே இருந்தவனை அவ்வளவாகப் பார்க்கவில்லை. செக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது அடி எங்க தலையில" என்றார் கடைசியில். "எங்க மாமனாரோட தாத்தா செக்கு ஆட்டினவரு. ஊருக்கே விளக்கெண்ணெய் எங்க வீட்லேர்ந்துதான் போகுமாம். சீமெண்ணெய் டின் வந்தப்புறம் யாரும் வாங்கல. செக்கை வித்துட்டு மைசூருக்குக் கூலிக்குப் போனாராம். மாமனார் சொல்லுவாரு. நாங்க அதையெல்லாம் காதுல வாங்கினோமா?"

"ஒருவேளை உங்க வீட்டுப் பொம்மனாட்டிகள் தெரிஞ்சேதான் பட்டு கட்டியிருப்பாளோ என்னமோ" என்றார் மேடம். "இந்தப் படத்தை வீட்ல வெச்சிருந்தா ஏஜெண்டு ஆளுகளுக்கு ஆகாது. சாமியாக்கிட்டா யார் தொடுவா?"

"அவ்வளவு சாமர்த்தியமெல்லாம் எங்களுக்கு எங்கம்மா? எங்க பொம்பளைங்களுக்கு எழுத்துத் தெரியாது. காலைத் தூக்கிகிட்டு ஒருத்தரு நின்னாரு, கும்பிட்டுட்டாங்க." கொஞ்சம் சிரித்தார். "பூட்ஸைப் பாத்துருப்பாங்க. நல்லால்லன்னு மூடியிருப்பாங்க."

எது நிஜம் என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது.

நான் பயந்துகொண்டே கேட்டேன். "அக்கா, திரும்பப் பட்டு வைக்கட்டுமா? இல்ல இப்படியே..."

அவர் பூத்தட்டிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"பலிபாட்யமிக்கு நாம யாரை வாசல்ல வெச்சுக் கும்பிடறோம் தம்பி? காலை வெச்சவரையா, கால் பட்டவரையா?"

"கால் பட்டவரை."

"அப்போ கும்பிட்டது தப்பாப் போகலை. அட்ரஸ் கொஞ்சம் மேல போயிடுச்சு, அவ்வளவுதான்." பூவைத் தட்டில் வைத்தார். "மேல இருக்கறவருக்குப் பட்டை வெச்சுடுங்க. என்ன இருந்தாலும் மாமியார் கும்பிட்டது. ஆனா கீழ மடிக்காதீங்க. எங்க ஆளு தெரியணும். அதுக்கேத்த மாதிரி பெரிய சட்டமா போட்டுக் குடுங்க."

மேடம் படம் பிடிக்க ஏற்பாடு செய்தார். பட்டோடு ஒன்று முன்பே எடுத்திருந்தது, பட்டில்லாமல் இன்னொன்று. சந்தியா பார்த்தது இந்த இரண்டையும்தான். திரும்பப் பட்டு வைத்த பிறகு மூன்றாவதாக நாங்கள் எடுக்கவில்லை. அது அவர் வீட்டுக் காரியம். தாளின் பின்னால் மெல்லிய காகிதம் கொடுத்து, உலர்த்தி, பாரம் வைத்து அமர்த்தி, பட்டையும் சங்கு சக்கரத்தையும் தட்டில் இருந்த வரிசையிலேயே திரும்ப வைத்தேன். நான் அதிகம் பசை போடவில்லை. யாராவது எடுக்க நினைத்தால் இனி சுலபமாக எடுக்கலாம்.

கண்காட்சியில் பூட்ஸ் போட்ட படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். நிறைய பேர் வந்தார்கள். பார்த்துவிட்டு, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்று தங்கள் போனைக் காட்டிப் பேசிக்கொண்டு போனார்கள். எங்கள் பகுதியில் வேலை செய்கிறவர்கள் நிறையச் சிரித்தார்கள். எனக்கு அதன் முன்னால் நிற்கும்போது செருப்போடு நிற்க முடியவில்லை. ஓரமாகக் கழற்றிவிட்டு நின்றேன். மேடம் அதைப் பார்த்தார். அடுத்த முறை வந்தபோது அவரும் கழற்றிவிட்டு நின்றார்.

பலிபாட்யமி அன்று நானும் என் மனைவியும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். வாசலில் சாணத்தில் பலியைப் பிடித்து, சாமந்தியும் பூசணிப் பூவும் வைத்திருந்தார். உள்ளே புதுச் சட்டத்தில் படம். பட்டு, கிரீடம் எல்லாம் பழையபடி. கீழே செக்கும் மாடும் மண்டியிட்ட ஆளும். முன்னால் விளக்கெண்ணெய் விளக்கு. பளபளவென்று இருந்த கண்ணாடியில் ஒரே ஒரு குங்குமப் பொட்டுதான். முன்பு மாதிரி நெற்றியிலும் இல்லை, கையிலும் இல்லை. பட்டுக்குள் இருந்த பூட்ஸும் தலையும் சேர்கிற இடத்தில் இருந்தது.

என் மனைவி கேட்டாள், "பொட்டு யாருக்குங்கக்கா?"

பட்டம்மா திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். "கீழ இருக்கறவருக்குத்தான் வெச்சேன்" என்றார். "கை நடுங்கி மேலயும் கொஞ்சம் பட்டுடுச்சு. பரவால்ல, இருக்கட்டும்னு துடைக்கல."